ட்ரெயில் பைக் எக்ஸிலேட்டர்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வாகரை மணல், படுவான்கரையின் கிரவல் றோட்டு, மாரி மழைக்கு வயல் வரம்பெல்லாம் குழம்பிக் கிடக்கிற சேறு, கடலும் வாவியும் சேர்ந்து அனுப்புகிற உப்புக்காற்று. இந்த நான்கும் ட்ரெயில் பைக்கின் எக்ஸிலேட்டரைச் சத்தமில்லாமல் கெடுக்கின்றன. 2020 இல் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நின்றபோது இருந்த பைக்கையே திருத்தித் திருத்தி ஓடியவர்கள் இங்கே அதிகம். அந்தப் பைக்குகளின் வயரும் டியூப்பும் இப்போது நல்ல வயதுக்கு வந்துவிட்டன. கராஜிலும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வாசலிலும் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கீழே தந்திருக்கிறோம்.

எக்ஸிலேட்டர் எண்டா கிறிப்தானே? அதில பராமரிக்க என்ன இருக்கு?

கிறிப் என்பது கைக்குத் தெரிகிற றப்பர் மட்டும்தான். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டியூப் இருக்கிறது. அது 22 மி.மீ. விட்டமுள்ள ஹாண்டில் குழாயின் மேல் சுழல்கிறது. டியூப்பின் உட்பக்க முனையில் ஒரு சிறிய சக்கரம். வயரின் முனையிலுள்ள ஈயக் குண்டு அந்தச் சக்கரத்தில் மாட்டியிருக்கும். இவற்றை மூடியிருக்கிற இரண்டு துண்டுக் கூட்டிலிருந்து வயர் புறப்பட்டு, டாங்கிக்குக் கீழால் போய்க் காபரேட்டரில் முடிகிறது.

திறப்பது உங்கள் கை. மூடுவது காபரேட்டரில் இருக்கிற ஸ்பிறிங். டியூப்பில் ஏறிய மண், வயருக்குள் படிந்த துரு, பிழையான வளைவு எல்லாமே அந்த ஸ்பிறிங்குக்கு எதிராக வேலை செய்கின்றன. திறக்கும்போது கை பலமாக இழுத்துவிடுவதால் தடை தெரியாது. விடும்போதுதான் தெரியும், அதுவும் சில வேளை வளைவில் வைத்துத்தான் தெரியும்.

நல்லா இருக்கா இல்லையா எண்டு நாமளே பாத்துக்க ஏலுமா?

ஏலும், ஒரு நிமிடம் போதும். எஞ்சினை நிறுத்தி, ஹாண்டிலை நேராக வைத்து, எக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிச் சடாரென்று கையை எடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு அது தானாகப் போய் முட்ட வேண்டும். ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தும், வலப்பக்கம் முழுக்க ஒடித்தும் இதையே செய்யுங்கள். மூன்று நிலையிலும் ஒரே சத்தம் வந்தால் நல்லது.

மெதுவாக ஊர்ந்து வந்தால் அழுக்கு அல்லது துரு. நடுவில் ஓரிடத்தில் நின்றால் வயர் இழை விட்டிருக்கிறது, இல்லாவிட்டால் டியூப் சிராய்த்திருக்கிறது. ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் பிந்தி வந்தால் வயர் போகிற பாதை பிழை. பைக்கை எடுக்கிற ஒவ்வொரு நாளும் இதைச் செய்யுங்கள். கீழே பல இடங்களில் ‘டக் சோதனை’ என்று சொல்வது இதைத்தான்.

ஓடிக்கிட்டிருக்கக்குள்ள எக்ஸிலேட்டர் இறுகி நிண்டா என்ன செய்யிற?

கிளச்சைப் பிடியுங்கள், அதே கணத்தில் எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிச்சை அடியுங்கள், பிறகு பிரேக். கிறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. கிளச் பிடித்ததும் எஞ்சின் அலறும். அதைக் கேட்டுப் பயந்து கிளச்சை விட்டுவிடாதீர்கள், விட்டால் பைக் பாயும்.

இதற்குக் கில் சுவிச் வேலை செய்ய வேண்டும். பழைய பைக்குகளில் பலர் அதை வெட்டி, வயரை நேராக முறுக்கி வைத்திருக்கிறார்கள். எக்ஸிலேட்டரில் கை வைப்பதற்கு முன் அதைத் திரும்பப் பூட்டுங்கள். வயரைக் கழற்றிப் பூட்டிய பிறகு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது பெருவிரல் சுவிச்சின் மேலேயே இருக்கட்டும்.

பிளே எவ்வளவு விடணும்? கொஞ்சமும் இல்லாம இறுக்கினாத்தான் பைக் பாயும் எண்டு சொல்றாங்களே?

பிளே என்பது கிறிப்பைத் திருகத் தொடங்கி வயர் இழுபடும் வரைக்கும் உள்ள வெற்று அசைவு. கிறிப்பின் உட்பக்க விளிம்பில் பேனையால் ஒரு கோடும், நேரே கூட்டில் ஒரு கோடும் போட்டு, கோடு நகர்கிற தூரத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். பெரும்பாலான ட்ரெயில் பைக்குகளுக்கு 3 முதல் 5 மி.மீ. சரி. கவசாக்கியில் 2 முதல் 3 மி.மீ. என்றும், சில ஹொண்டா மொடல்களில் 2 முதல் 6 மி.மீ. வரை என்றும் புத்தகம் சொல்லும். உங்கள் மொடலின் புத்தகம் கிடைத்தால் அதன்படி வையுங்கள், கிடைக்காவிட்டால் 3 மி.மீ.

பிளே இல்லாமல் இறுக்கினால் பைக் பாய்வதில்லை. முழுக்கத் திறக்கிற இடம் காபரேட்டரில் ஏற்கனவே முடிவானது, வயரை இறுக்கி அதைக் கூட்ட முடியாது. காபரேட்டருக்குள் ஏறி இறங்கித் திறந்து மூடுகிற ஸ்லைட் முழுக்க மூடாமல் நிற்பதும், ஹாண்டிலை ஒடிக்கும்போது எஞ்சின் தானாக ஏறுவதும்தான் நடக்கும். மறுபக்கம், பிளே 8, 10 மி.மீ. என்று போனால் மணலில் சட்டென்று திறக்க வேண்டிய நேரத்தில் கை பிந்தும். சில பைக்குகளில் முழுக்கத் திறக்காமலும் போகும்.

அதை எப்பிடிக் கூட்டிக் குறைக்கிற?

கிறிப்புக்குப் பக்கத்தில், வயர் கூட்டுக்குள் நுழைகிற இடத்தில் றப்பர் மூடியை விலக்கினால் ஒரு அட்ஜஸ்டரும் லொக் நட்டும் தெரியும். பெரும்பாலும் 8 அல்லது 10 ஆம் நம்பர் ஸ்பனர் பிடிக்கும். லொக் நட்டை இளக்கி, அட்ஜஸ்டரை வெளியே எடுத்தால் பிளே குறையும், உள்ளே விட்டால் கூடும். சரியானதும் லொக் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், நட்டு இறுகும்போது அளவு கொஞ்சம் மாறும்.

மேலே உள்ள அட்ஜஸ்டர் நுணுக்கமான திருத்தத்துக்கு மட்டும். அதன் புரி பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டால் அதை முழுக்க உள்ளே விட்டு, காபரேட்டர் பக்கத்து அட்ஜஸ்டரால் பெரிய அளவைச் சரிசெய்து, பிறகு மேலே வாருங்கள். புரியின் கடைசி நுனியில் தொங்குகிற அட்ஜஸ்டர் ஒரு விழுகையில் முறிந்துவிடும்.

என்ட பைக்கில ரெண்டு வயர் போகுது. ஒண்டு சும்மாதானே, அறுந்தா விட்டுடலாமா?

விடாதீர்கள். ஒன்று திறப்பதற்கு, மற்றது மூடுவதற்கு. ஸ்பிறிங் மூட முடியாமல் திணறும்போது உங்கள் கையால் கிறிப்பை முன்னுக்குத் திருப்பி வலுக்கட்டாயமாக மூடுவதற்குத்தான் இரண்டாவது வயர். நான்கு ஸ்ட்ரோக் ட்ரெயில் பைக்குகள் பலவற்றில் இரண்டு இருக்கும், ஸ்லைட்டை நேராகத் தூக்குகிற இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளில் ஒன்றுதான்.

இரண்டு வயரையும் சரிசெய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் இரண்டையும் இளக்குங்கள். பிறகு திறக்கிற வயரால் பிளேயை வையுங்கள். கடைசியாக மூடுகிற வயரின் தளர்வை எடுங்கள், ஆனால் முழுக்க எடுக்காமல் ஒரு பொட்டுத் தளர்வு விட்டு நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்றால் கிறிப் கனமாகிவிடும், டக் சோதனையும் தோற்கும்.

டியூப்புக்குள்ள கிரீஸ் பூசினா வழுக்கிக்கொண்டு போகும்தானே?

ஒரு கிழமை போகும். அதன் பிறகு அந்தக் கிரீஸ் மணலைப் பிடித்து வைத்து எமரி பேப்பரைப் போல டியூப்பையும் ஹாண்டிலையும் தேய்க்கத் தொடங்கும். கல்குடா, பொத்துவில் கடற்கரைப் பக்கம் ஓடுகிற பைக்குகளின் கூட்டைத் திறந்தால் கறுத்த களி போன்ற ஒன்று வழியும். அது கிரீஸும் நுண்மணலும் பிளாஸ்டிக் தூளும் சேர்ந்தது.

இந்தப் பக்கத்துக்கு உலர்ந்த டியூப்தான் சரி. ஹாண்டில் வழுவழுப்பாகவும் சுத்தமாகவும் இருந்தால் பிளாஸ்டிக் டியூப் எதுவும் பூசாமலே சுழலும். விரும்பினால் சிலிக்கன் ஸ்பிறேயைச் சீலையில் அடித்து ஹாண்டிலை ஒரு தடவை துடையுங்கள், காய்ந்த பிறகு டியூப்பைப் போடுங்கள். கிரீஸ் போகிற ஒரே இடம் வயர் முனையின் ஈயக் குண்டு. அதற்கும் ஒரு பயறு அளவு போதும்.

வயருக்கு என்ன ஒயில் விடுற? டபிள்யூடி 40, எஞ்சின் ஒயில், தேங்காயெண்ணெய் எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க.

முதலில் வயர் எந்த வகை என்று பாருங்கள். இப்போது வருகிற வயர்களில் பெரும்பாலானவற்றின் வெளி உறைக்குள் வெள்ளை நிற டெஃப்லோன் அல்லது நைலோன் குழாய் இருக்கும். அதற்குச் சிலிக்கன் அல்லது டெஃப்லோன் வகை வயர் ஸ்பிறேதான் நல்லது. தடித்த ஒயிலும் கிரீஸும் அந்தக் குழாய்க்குள் பசையாகிவிடும். உட்குழாய் இல்லாத பழைய இரும்பு உறை வயர் என்றால் மெல்லிய மெஷின் ஒயில் விடலாம், தையல் மெஷினுக்கு விடுகிறதே, அதுதான்.

டபிள்யூடி 40 துருவையும் அழுக்கையும் இளக்கிக் கழுவி வெளியேற்ற நல்லது. வழுவழுப்பு நீடிக்காது. அதை அடித்து அழுக்கை எடுத்துவிட்டு உரிய ஒயிலை விட வேண்டும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள் போகப் போகப் பிசுபிசுத்துப் போகும்.

முழுசாக் கழற்றித் துப்பரவாக்கிற முறையச் சொல்லுங்க.

பைக்கைக் கழுவிக் காயவைத்த பிறகே தொடங்குங்கள், இல்லாவிட்டால் வெளியே இருக்கிற மண் உள்ளே போகும். வயர் போகிற பாதையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே விட்டு வயரை இளக்குங்கள். கூட்டின் இரண்டு ஸ்குரூவையும் கழற்றும்போது கவனம்: ஜப்பான் பைக்கின் நட்சத்திர ஸ்குரூ, கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஸ்குரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) என்று கேட்டு வாங்கினால் தலை தேயாது. கூடு பிரிந்ததும் ஈயக் குண்டைச் சக்கரத்திலிருந்து எடுத்து, கிறிப்போடு டியூப்பை உருவி எடுங்கள்.

இப்போது ஹாண்டில் முனையில் விரலை வைத்துச் சுற்றிப் பாருங்கள். கீழே விழுந்த பைக்கில் குழாயின் விளிம்பு மெல்லிய வாய் போல வெளியே பிதுங்கி நிற்கும். அந்தப் பிதுக்கம்தான் டியூப்பை உள்ளிருந்து சுரண்டுகிறது. அரத்தால் அதை மட்டும் சீவி, 600 ஆம் நம்பர் எமரி பேப்பரால் டியூப் உட்காரும் நீளம் முழுவதையும் தேய்த்து, துடையுங்கள். டியூப்பின் உட்புறத்தைச் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்தூரிகையும் கொண்டு கழுவுங்கள். பெற்றோல் ஊற்ற வேண்டாம், கிறிப் றப்பர் ஊதிப்போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சக்கரத்தின் பள்ளத்தில் வெடிப்போ வயர் அறுத்த தடமோ தெரியும். இருந்தால் டியூப்பை மாற்றுங்கள்.

வயருக்கு ஒயில் விட, காபரேட்டர் பக்கத்து முனையையும் கழற்றி ஒரு சீலைத் துண்டின் மேல் விடுங்கள். கழற்றாமல் விட்டால் ஊத்தை ஒயில் காபரேட்டருக்குள் இறங்கும். ஒரு சொப்பிங் பையின் மூலையை ஊசித்துவாரமாக வெட்டி, வயரின் மேல் முனையை அதில் நுழைத்து டேப் சுற்றுங்கள். பைக்குள் இரண்டு தேக்கரண்டி ஒயில் ஊற்றித் தொங்கவிட்டு, உள்வயரை மேலும் கீழும் இழுத்துக் கொடுங்கள். கீழே முதலில் கறுப்பாகச் சொட்டும். நிறம் தெளிந்ததும் நிறுத்துங்கள். ஸ்பிறே என்றால் குழல் முனையைச் சொருகி அடித்தால் சரி. திரும்பப் பூட்டும்போது டியூப்பை முழுக்கத் தள்ளி முட்டவிட்டு, 1 மி.மீ. பின்னுக்கு எடுத்து, பிறகு கூட்டை இறுக்குங்கள். இரண்டு விரலால் இறுக்குகிற பலம் போதும், அதற்கு மேல் போனால் கூடு வெடிக்கும். கடைசியில் பிளேயும் டக் சோதனையும்.

எத்தனை நாளைக்கு ஒருக்கா இதைச் செய்யணும்?

ஊருக்குள் மட்டும் ஓடினால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் கிரவல் றோட்டிலும் மணலிலும் ஓடினால் மாதம் ஒரு தடவை கூட்டை மட்டுமாவது திறந்து துடையுங்கள். வாவித் தண்ணீரிலோ கடல் தண்ணீரிலோ ஹாண்டில் வரைக்கும் போன பைக்கை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் திறந்து காயவிட வேண்டும். அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றால் உள்வயரில் துரு ஏறிவிடும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுத்தால் தண்ணீர்த் துப்பாக்கியைக் கூட்டின் பக்கம் நேராகப் பிடிக்க வேண்டாமென்று நின்று சொல்லுங்கள். வேகமாக அடிக்கிற தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது.

ஹாண்ட் கார்ட் பூட்டின நாள் தொடக்கம் எக்ஸிலேட்டர் திரும்பி வருகுதில்ல. வயரையும் மாத்திப் பாத்தாச்சு.

வயரில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கையைக் காக்கிற அந்தக் கார்ட் ஹாண்டில் முனையில் பூட்டுகிற வகை என்றால் அதன் உலோகம் கிறிப்பின் முனையை அழுத்திக்கொண்டிருக்கும். கிறிப் முனையின் மூடிய றப்பரை வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். டியூப்பின் முனையும் மூடியிருந்தால் அதையும் ஹாண்டில் விட்டத்துக்கு வெட்டி அரத்தால் மட்டமாக்குங்கள். கார்டுக்கும் கிறிப் முனைக்கும் இடையில் 1 முதல் 2 மி.மீ. வெளி தெரிய வேண்டும். விழுந்து எழும்பிய பிறகு கார்ட் உள்ளே தள்ளுப்பட்டு இதே நிலை வரும், அதனால் ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் டக் சோதனை செய்துவிட்டு ஏறுங்கள்.

ஹாண்டிலை ஒடிக்கக்குள்ள எஞ்சின் தானா ஏறுது, ஏன்?

வயர் ஒரு பக்கம் இழுபடுகிறது. பிளே குறைவாக இருக்கலாம், அல்லது வயர் போகிற பாதை பிழையாக இருக்கலாம். டாங்கியைக் கழற்றிப் பூட்டிய பிறகு இந்தக் குறை வந்திருந்தால் வயர் டாங்கிக்கும் சேஸிக்கும் இடையில் நசிபட்டிருக்கிறது. டாங்கியைத் தூக்கிப் பாருங்கள்.

வயர் கூட்டிலிருந்து பெரிய வளைவாக இறங்க வேண்டும், எங்கும் மடிந்து மூலை விழக்கூடாது. எஞ்சின் சூட்டில் படக்கூடாது. கேபிள் டை போட்டு வயரை இறுகக் கட்டுவது பிழை, உள்ளே வழுகிப்போக இடம் விட்டுக் கட்டுங்கள்.

குடும்பிமலைப் பக்கம் போற வழியில வயர் அறுந்தா எப்பிடி வீட்ட வாற?

பெரும்பாலும் அறுவது கிறிப் பக்கத்துக் குண்டுக்குக் கிட்டத்தான். குண்டுக்குப் பதிலாகப் பூட்டுகிற, ஸ்குரூ வைத்த நிப்பிள் ஒன்று சாவிக் கோவையில் இருந்தால், அறுந்த முனையில் அதைப் பூட்டிச் சக்கரத்தில் மாட்டி மெதுவாக வந்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் கை வைக்காதபோது எஞ்சின் ஓடுகிற வேகத்தை (ஐடில்) வைக்கிற காபரேட்டர் ஸ்குரூவை உள்ளே திருகி எஞ்சினை ஓரளவு ஏற்றி வைத்து, கிளச்சால் மட்டும் சமாளித்து இரண்டாவது கியரில் வரலாம். தனி றோட்டுக்கு இது சரி, சனம் நடமாடும் இடத்துக்கு வந்ததும் இறங்கித் தள்ளுங்கள்.

தூரம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. புது வயரைப் பழைய வயரின் பக்கத்தால் பாதை பிடித்து விட்டு, இரண்டு முனையையும் டேப்பால் மூடிக் கட்டி வைப்பது. அறுந்தால் முனையை மாற்றிக் கொழுவினால் போதும், டாங்கி கழற்றத் தேவையில்லை.

சைக்கிள் கடையில பிரேக் வயரால செய்து தாறன் எண்டு சொல்றாங்க, செய்யலாமா?

உள்வயரின் தடிப்பும் உறையின் உள்விட்டமும் பொருந்தினால் வயர் ஒரு பிரச்சினை இல்லை. பிரச்சினை முனைக் குண்டு. வயரின் இழைகளைக் குண்டின் துளைக்குள் விட்டு, மறுபக்கம் பூப்போல விரித்து, பிளக்ஸ் போட்டு ஈயம் உருக்கி நிரப்ப வேண்டும். விரிக்காமல் வெறுமனே ஈயம் பிடிக்கவைத்தால் ஒருநாள் உருவிக்கொண்டு போகும். செய்து வாங்கியதும் குண்டைக் குறட்டில் பிடித்து உங்கள் முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

நீளமும் முக்கியம். உள்வயரின் மொத்த நீளத்தைவிட, உறைக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதே பிளேயைத் தீர்மானிக்கிறது. பழைய வயரைத் தூக்கி எறியாமல் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு இழை விட்ட வயரையும் மாற்றத்தான் வேண்டும், விட்ட இழை உறைக்குள் குத்திக்கொண்டு எக்ஸிலேட்டரைத் திறந்தபடி நிறுத்திவிடும்.

டிடி பைக்கில எக்ஸிலேட்டர் வயர மாத்தின பிறகு ஒரே புகை. முந்தி அப்பிடி இல்ல.

யமஹா டிடி போன்ற, ஒயில் பம்ப் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளில் கிறிப்பிலிருந்து வருகிற ஒரு வயர் நடுவழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காபரேட்டருக்கு, மற்றது ஒயில் பம்புக்கு. நீங்கள் திறக்கிற அளவுக்கு ஒயிலும் கூடக் கூட வருகிறது. காபரேட்டர் பக்கத்தைச் சரிசெய்து பம்ப் வயரை அப்படியே விட்டால் அளவு குழம்பிவிடும். இறுக்கமாக இருந்தால் புகை. தளர்வாக இருந்தால் புகையே வராது, ஒயில் போதாமல் பிஸ்டன் பிடித்துவிடும். புகை வருவது இரண்டில் நல்ல பிழை.

பம்பின் சக்கரத்தில் ஒரு குறி இருக்கும். முதலில் பிளேயைச் சரிசெய்து, பிறகு உங்கள் மொடலின் புத்தகம் சொல்கிற எக்ஸிலேட்டர் நிலையில் அந்தக் குறியும் முளையும் நேருக்கு வரும்படி பம்ப் வயரின் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ஸ்லைட்டை வெளியே எடுத்திருந்தால் இன்னொன்று: அதன் அடியில் சரிவாக வெட்டிய பக்கம் எயார் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாறிப்போட்டால் ஸ்லைட் கீழே முழுக்க இறங்காது, ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் உச்சத்துக்கு ஏறிவிடும். மூடியைப் பூட்டியதும் டக் சோதனையின் சத்தம் காபரேட்டருக்குள்ளிருந்து கேட்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள்.

புது கிறிப் போட்டன், வெயில்ல இளகிக் கையோட சுத்துது. எந்தப் பசை நல்லம்?

இடப்பக்கக் கிறிப்பும் வலப்பக்கக் கிறிப்பும் ஒரே அளவில்லை. இடது 22 மி.மீ. ஹாண்டிலின் மேல் நேராகப் போகிறது, வலது அதைவிடத் தடித்த டியூப்பின் மேல் போகிறது. சோடியைக் கவனிக்காமல் மாற்றிப் பூட்டினால் எந்தப் பசையும் பிடிக்காது.

டியூப்பை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். கிறிப்புக்கென்றே விற்கிற பசையை மெல்லிதாகப் பூசி ஒரே தள்ளாகத் தள்ளி, ஒரு இரவு விடுங்கள். கிறிப்பின் விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையில் 1 முதல் 2 மி.மீ. வெளி விட மறக்க வேண்டாம், கூட்டில் உரசுகிற கிறிப்பும் திரும்பி வராது. எங்கள் வெயிலுக்குப் பசை மட்டும் போதாது. கிறிப்பில் உள்ள பள்ளங்களில் 0.8 மி.மீ. துருவேறாக் கம்பியைச் சுற்றிக் குறட்டால் முறுக்கி, நுனியை உள்ளங்கை படாத பக்கம் றப்பருக்குள் மடித்துக் குத்திவிடுங்கள்.

அலுமினியம் டியூப் போட்டா நல்லமா?

விழுந்தால் உடையாது என்பது உண்மை. காட்டுக்குள் கல்லில் அடிபடுகிறவர்களுக்கு அது பெரிய காரணம். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். அலுமினியத்தில் உப்புப்பட்டு வெள்ளைத் தூள் பூக்கும். டியூப்பும் ஹாண்டிலும் இரண்டும் அலுமினியமாக இருந்தால் நடுவில் ஒரு மணல் போனாலும் கிழித்துக்கொண்டு இறுகும். மாதம் ஒரு தடவை கழற்றித் துடைக்கிற பழக்கம் உள்ளவர் மட்டும் போடலாம், முனையில் பெயாரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மற்றவர்களுக்கு நல்ல பிளாஸ்டிக் டியூப்பும் உதிரியாக இன்னொன்றும் போதும்.

குயிக் எக்ஸிலேட்டர் எண்டு விக்கிறாங்களே, அது பவரைக் கூட்டுமா?

பவர் ஒரு துளியும் கூடாது. சக்கரம் பெரிதாகிறது, அவ்வளவுதான். கணக்காகப் பாருங்கள்: ஸ்லைட் முழுக்க எழும்ப வயர் 36 மி.மீ. இழுபட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரை 25 மி.மீ. என்றால் கிறிப்பை ஏறத்தாழ 83 பாகை திருப்ப வேண்டும். ஆரை 30 மி.மீ. ஆனால் 69 பாகை போதும். கையை மாற்றிப் பிடிக்காமல் முழுக்கத் திறக்கலாம், முழங்கை தாழாது. அதற்கு விலை, கைக்குப் படுகிற கனம் ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

இன்னொரு விலை உண்டு. கை 1 மி.மீ. நடுங்கினாலும் ஸ்லைட் முன்னையவிடக் கூடுதலாக அசையும். ஈரக் களிமண்ணிலும் வயல் வரம்பிலும் அது பின் ரயரைச் சுழலவைக்கும். ஆழ மணலில் நேராக அடித்துப் போகிறவருக்கு நல்லது, மாரிக்குச் சேற்றில் ஓடுகிறவருக்குக் கெடுதி. டொமினோ, மொஷன் புரோ போன்றவர்களின் சில செட்டுகளில் சக்கரத்தை மட்டும் மாற்றிப் போடலாம். வாங்குவதென்றால் அந்த வகையை வாங்குங்கள். வயர் முனைக் குண்டின் அளவும் உறையின் புரியும் பொருந்துகிறதா என்று பழைய கூட்டைக் கையில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஹாண்டிலை உயர்த்தினா வயர் காணுமா?

20 மி.மீ. வரை உயர்த்தினால் பெரும்பாலும் பாதையைக் கொஞ்சம் திருத்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் நீளமான வயர் தேவைப்படும். உயர்த்தியதும் ஹாண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்து எஞ்சின் ஏறுகிறதா என்று பாருங்கள், பிரேக் குழாயும் இழுபடுகிறதா என்று சேர்த்தே பாருங்கள். நடுவில் தடித்த 28.6 மி.மீ. ஹாண்டிலுக்கு மாறுகிறவர்கள் கிறிப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, கை பிடிக்கிற இடத்தில் அதுவும் 22 மி.மீ.தான்.

இஞ்செக்ஷன் பைக்குக்கும் இதேதானா?

கிறிப், டியூப், வயர், பிளே எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் கீழ் முனையில். அங்கே த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற சென்சர் இருக்கிறது. அதற்குள் ஸ்பிறே அடிக்காதீர்கள், பெயின்ட் குறி போட்டு அடைத்திருக்கிற ஸ்டொப் ஸ்குரூவைத் தொடாதீர்கள். அதைத் திருப்பினால் மூடியிருக்கிற நிலையையே கணினி பிழையாக வாசிக்கும்.

சின்னப் பிள்ளைக்குப் பைக் பழக்கிறம். முழுக்கத் திறக்காம வைக்க வழி இருக்கா?

யமஹா பிடபிள்யூ 50 போன்ற சிறுவர் பைக்குகளின் எக்ஸிலேட்டர் கூட்டிலேயே ஒரு தடுப்பு ஸ்குரூ இருக்கும். உள்ளே திருகத் திருக எக்ஸிலேட்டர் குறைவாகத் திறக்கும். பிள்ளை பழகப் பழக அரைச் சுற்றாக வெளியே எடுங்கள், எடுத்ததும் லொக் நட்டை இறுக்குங்கள்.

எல்லாம் செய்தாச்சு, டக் எண்டும் வருகுது. ஆனா கையை விட்டாலும் எஞ்சின் உடனே இறங்குதில்ல.

டக் சோதனை சரியென்றால் எக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். பழைய ஜப்பான் பைக்குகளில் இந்த றப்பர் வெளியே நல்லதாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்புத் தெரியும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒரு போத்தலால் சவர்க்காரத் தண்ணீரை அந்த றப்பரைச் சுற்றி மெல்லத் தெளியுங்கள். தெளித்த இடத்தில் எஞ்சினின் சத்தம் மாறினால் அந்த இடத்தால்தான் காற்றுப் போகிறது. றப்பரை மாற்றுங்கள், கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். சத்தம் மாறாவிட்டால் காபரேட்டரில் ஐடிலுக்குப் பெற்றோல் விடுகிற பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அடைபட்டு பெற்றோல் குறைவாக வந்தாலும் எஞ்சின் இப்படித்தான் தொங்கிக்கொண்டு நிற்கும்.